மூன்று பள்ளி பார்த்தாயிற்று, எதில் சேர்ப்பது?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறோம். வரும் ஜூனில் மகளை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். தெருமுனையில் ஒரு பழைய மெட்ரிக் பள்ளி இருக்கிறது, ஆண்டுக்கு 28,000 ரூபாய். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிபிஎஸ்இ பள்ளி, 55,000. மூன்றாவது, புதிதாகத் திறந்த ‘இன்டர்நேஷனல்’ பள்ளி, 80,000. ‘சிபிஎஸ்இ பேட்டர்ன்’ என்கிறார்கள், ஏசி வகுப்பு, நீச்சல் குளம் எல்லாம் காட்டினார்கள். பக்கத்துப் பள்ளியே போதும் என்கிறார் மாமியார். சிபிஎஸ்இதான் வேண்டும் என்கிறார் கணவர். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். ‘பேட்டர்ன்’ என்று ஓர் அங்கீகாரமே கிடையாது. சிபிஎஸ்இ இணைப்பு பெற்ற பள்ளிக்கு இணைப்பு எண் இருக்கும், வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் கிடைத்துவிடும். “அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்” என்றால் வந்த பிறகு பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். வாரியத்தில் மாணவர் பெயரைப் பதிவதே ஒன்பதாம் வகுப்பில்தான். அதுவரை இந்தக் குறை உங்கள் கண்ணில் படாமலே போகலாம். நீச்சல் குளத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மிச்சம் இரண்டு. உங்கள் கணவருக்கு ஒரு தகவல்: மெட்ரிக் என்பது இப்போது தனிப் பாடத்திட்டம் இல்லை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர் கல்வி வந்தது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கு உள்ள அதே பாடநூல்தான் மெட்ரிக் பள்ளிக்கும். ஆகவே ஒப்பீடு மாநிலப் பாடத்திட்டமா, சிபிஎஸ்இயா என்பதுதான். மூன்றரை வயதுக் குழந்தைக்கு அந்தக் கேள்வி இன்னும் பல ஆண்டு தள்ளி நிற்கிறது. அடிக்கடி மாற்றல் வரும் வேலை என்றால் மட்டும் இப்போதே யோசியுங்கள்.

நான் முதலில் பார்ப்பது ஆசிரியர்களை. “இந்த மிஸ் போன வருஷமும் இங்கேதான் இருந்தாங்களா?” என்று கேளுங்கள், அலுவலகத்தில் இல்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றால் போதும். எல்.கே.ஜி. பெற்றோரிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் இன்னும் புது மோகத்தில் இருப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர் மாறும் பள்ளியில் கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும் பாடம் நிற்காது.

அடுத்து, எந்த வகுப்பில் எத்தனை செக்‌ஷன் என்று கேளுங்கள். எல்.கே.ஜி.யில் ஐந்து, எட்டாம் வகுப்பில் ஒன்று என்றால், பள்ளி இப்போதுதான் வளர்கிறதா, அல்லது நடுவில் பிள்ளைகள் வெளியேறுகிறார்களா? பழைய பள்ளி என்றால் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும். ஒரு செக்‌ஷனில் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.

சிபிஎஸ்இ பள்ளியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆசிரியர் விவரம், கட்டணம், மூன்று ஆண்டுத் தேர்ச்சி, தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று ஆகியவற்றைப் பள்ளி தன் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அந்தப் பக்கம் காலியாகக் கிடந்தால் அதுவே பதில். மெட்ரிக் பள்ளியில் இதே சான்றுகளை நேரில் கேளுங்கள். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போன மாநிலம் இது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பணம்: அவர்கள் சொல்லும் 28,000, 55,000 ஆகியவற்றை அப்படியே ஒப்பிடாதீர்கள். வேன், புத்தகம், இரண்டு செட் சீருடை, ஷூ, ஆண்டு விழா உடை என்று மொத்தத்தையும் கூட்டி எழுதுங்கள். தமிழ்நாட்டின் 2009 பள்ளிக் கட்டணச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது, அது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். பள்ளி கேட்கும் தொகையை அந்த உத்தரவோடு வைத்துப் பாருங்கள்.

ஒன்பது கிலோமீட்டர் வேன் பயணம் எனக்கு உறுத்துகிறது. போகும்போது எல்லா நிறுத்தத்திலும் நின்றுதானே போகும்? அதில்தான் போவாள் என்றால் உதவியாளர் இருக்கிறாரா, ஆர்டிஓ ஆய்வு முடிந்ததா என்று பாருங்கள். 2012-இல் வந்த பள்ளிப் பேருந்து விதிகள் இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கின்றன.

தெருமுனைப் பள்ளியில் ஆசிரியர்கள் நிலையாக இருந்தால் என் ஓட்டு உங்கள் மாமியாருக்கு.

கேள்வி: மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்க 40,000 ரூபாய் ‘டொனேஷன்’ வாங்கினார்கள், ரசீது இல்லை. இப்போது ஊர் மாறுகிறோம். நுகர்வோர் நீதிமன்றம் போனால் கிடைக்குமா?

பதில்: அந்த வழியை நம்ப வேண்டாம். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. (பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை.) நன்கொடை வாங்கிச் சேர்ப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி குற்றம், வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வங்கியில் அன்று பணம் எடுத்த பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எது இருந்தாலும் இணையுங்கள். ரசீது இல்லாததால் வழக்கு பலவீனம்தான், அதை மறைக்க முடியாது. மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்தால் அதற்குத் தனிப் புகார் கொடுங்கள். அது பிள்ளையின் உரிமை, பாக்கி வசூலிக்கும் கருவி இல்லை.

கேள்வி: ஒன்றாம் வகுப்புக்கு எங்களுக்கும் நேர்காணல் வைக்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதற்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் அதே 13-ஆம் பிரிவில் முதல் முறை 25,000, அடுத்தடுத்த முறைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் கேட்டுப் பாருங்கள்.