கனிமத்தைத் தனியாருக்குத் தராமல் அரசு ஒதுக்கி வைக்க முடியுமா? முன்பே மனு போட்டவருக்கு உரிமை இல்லையா?

முடியும். மனு போட்டதால் மட்டும் எந்த உரிமையும் வராது. இதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய நான்கு வருஷம் ஆயிற்று, ஒரு ஜோடி மாடும் போயிற்று.

கேட்டவர் தன் விவரம் எதுவும் எழுதவில்லை. ஆனால் 'முன்பே மனு போட்டவர்' என்று அழுத்திக் கேட்பதைப் பார்த்தால், தேதி முத்திரை குத்திய நகல் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும் போலிருக்கிறது. எங்கள் அப்பா அதை டிரங்குப் பெட்டியில், நிலப் பத்திரத்துக்கும் மேலே வைத்திருந்தார்.

பழைய தருமபுரி மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி. அதில் பாதி பாறை. ஏர் ஓட்ட முடியவில்லையே என்று தாத்தா சலித்துக்கொண்ட அந்தப் பாறை எழுபதுகளில் திடீரென்று சொத்தாகத் தெரிய ஆரம்பித்தது. கல்லறைகளுக்காக ஜப்பான்காரர்கள் நம் கருப்பு கிரானைட்டை விரும்பி வாங்கிய காலம் அது. பெங்களூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். எனக்கு அப்போது 9 வயது. ஒரு குடம் தண்ணீரைப் பாறைமேல் ஊற்றச் சொன்னார். சாம்பல் பூத்துக் கிடந்த கல் சட்டென்று நனைந்த எருமை மாதிரி கறுத்தது. அவ்வளவுதான் சோதனை என்று நினைத்தேன். அவரோ ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அது காயட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். கல்லில் விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஈரம் கடைசிவரை நிற்குமாம், மயிரிழை போலக் கோடு காட்டுமாம். எங்கள் கல் ஒரே சீராகக் காய்ந்தது. அப்புறம் சுத்தியலால் ஒரு தட்டு. கணீர் என்றது. அப்பா என்னை ஒரு முறை பார்த்தார், கல்லை ஒரு முறை பார்த்தார்.

1977 ஆடி மாதம் குத்தகைக்கு மனு போட்டார். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அடங்கல் கேட்டார்கள், கொடுத்தார். வரைபட நகல் கேட்டார்கள், கொடுத்தார். நில அளவைக்காரர் விடுப்பில் என்றார்கள். போக வர, எழுத, கொடுக்க என்று செலவானதில்தான் மாடுகள் போயின. கார்த்திகை பிறந்தும் கோப்பு நகரவில்லை. அதற்குள் அரசு விதியைத் திருத்திவிட்டது.

கிரானைட் மாதிரிக் கற்களைச் சட்டம் சிறுகனிமம் என்கிறது. அவற்றுக்கான தமிழ்நாடு சிறுகனிம சலுகை விதிகள் 1959இல் புதிதாக 8-சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 1977 டிசம்பர் 7 முதல் கருப்பு கிரானைட் எடுக்கத் தனியாருக்குக் குத்தகை கிடையாது என்றது அது. அரசே எடுக்கும், இல்லாவிட்டால் முழுக்க அரசுக்குச் சொந்தமான கழகத்துக்குக் கொடுக்கும். நடப்பில் இருந்த குத்தகைகளை அந்த விதி உடனே வெட்டவில்லை. காலம் முடிந்த பிறகு புதுப்பிப்பதற்குத்தான் வழி இல்லாமல் போயிற்று.

அப்பா வழக்குப் போடவில்லை. வசதியுள்ள குவாரிக்காரர்கள் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் அவர்கள் ஜெயித்த சேதி வந்த அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள். 1981 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிவிட்டது. ஹிந்த் ஸ்டோன் வழக்கு என்பார்கள், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. 'முறைப்படுத்து என்றுதானே மத்திய அரசின் 1957 கனிமச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மாநிலத்துக்குச் சொல்கிறது, தடை செய்யச் சொல்லவில்லையே' என்பது குவாரிக்காரர்கள் வாதம். முறைப்படுத்துவதில் தடையும் அடங்கும், கனிமம் ஒரே தலைமுறை தின்று தீர்ப்பதற்கு அல்ல என்றது நீதிமன்றம்.

உங்கள் கேள்விக்கான இடம் அந்தத் தீர்ப்பில் அதற்கடுத்து வருகிறது. மனுவை நியாயமான காலத்துக்குள் முடிப்பது அரசின் கடமைதான். ஆனாலும் தாமதமாகிவிட்டது, பழைய விதிப்படி கொடு என்று யாரும் கேட்க முடியாது. உத்தரவு போடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதுதான் செல்லும். புதுப்பிக்கும் மனுவுக்கும் இதே கதிதான். வக்கீல் இதை விளக்கியபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்போ அந்த நில அளவைக்காரர் விடுப்புல போனது என் தப்பா?"

இதே 8-சியில் அப்போது இன்னொரு வரியும் இருந்தது. தனியார் நிலமாக இருந்தால் நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். ஆக, அப்பாவும் கல்லை வெட்ட முடியவில்லை, அப்பாவைக் கேட்காமல் அரசும் வெட்ட முடியவில்லை. கடைசிவரை யாரும் கேட்டு வரவும் இல்லை. இன்றும் அந்தப் பாறையில்தான் ராகி காயப்போடுகிறோம்.

இப்போது ஒருவர் வருவார், 'அப்படியானால் நீங்கள் தனியார் குவாரிக்கு ஆதரவா' என்று. இல்லை ஐயா. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நடந்த கிரானைட் முறைகேட்டை விசாரிக்க 2014இல் உயர் நீதிமன்றமே ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தைச் சட்ட ஆணையராகப் போட வேண்டியிருந்ததை நானும் படித்தேன். ஒதுக்கி வைக்கும் அதிகாரம் வேண்டும் என்பதுதான் என் கட்சி, அப்பாவுக்குப் பிடிக்காவிட்டாலும். ஆனால் சாவியும் அரசிடமே இருந்தது. கனிம வளர்ச்சிக்காக என்று 8-சியைத் தாண்டித் தனியாருக்குக் கொடுக்க அதே விதிகளில் 39ஆம் விதி இடம் தந்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் அதுவும் செல்லும் என்றது. அந்த வழியில் எங்களைப் போன்ற இரண்டரை ஏக்கர்காரன் எப்படி நுழைவான்?

உங்களுடையது இரும்புத் தாது மாதிரி பெரிய கனிமம் என்றால் அதே 1957 சட்டத்தின் 17-ஏ பிரிவைப் பாருங்கள். யாரும் குத்தகை எடுக்காத பகுதியை ஒதுக்கி வைக்க மத்திய அரசுக்கும், மத்திய அரசின் ஒப்புதலோடு மாநிலத்துக்கும் அதில் அதிகாரம் உண்டு. பழைய ஒதுக்கீடும் லேசில் சாகாது. பீகார் அரசு 1962லும் 1969லும் ஒதுக்கிய இரும்புத் தாதுப் பகுதிக்கு, அது ஜார்க்கண்டாக மாறிய பிறகு கம்பெனிகள் கேட்டுப் போயின. 2012இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைத்தான் நிலைநிறுத்தியது. அதனால் மனு நகலைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடுவதற்கு முன், உங்கள் புல எண் எந்த அறிவிக்கையிலாவது இருக்கிறதா என்று மாவட்டக் கனிமவளத்துறையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரகர் சொல்வதைக் கேட்டு மட்டும் மாட்டை விற்காதீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். அந்த நிலத்தைக் கணினிப் பட்டாவில் ஏற்றியபோது அப்பாவின் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து நிலத்துக்காரருடைய தந்தையின் பெயரை ஏற்றிவிட்டார்கள். ஆவணப்படி அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் அண்ணன் தம்பி. அப்பா போய்ச் சேர்ந்து 11 வருஷம் ஆகிறது. வாரிசுச் சான்றிதழோடு இரண்டு ஜமாபந்தியில், அதாவது வருஷாந்திர வருவாய்த் தீர்வாயத்தில், மனு கொடுத்துவிட்டேன், ரசீது மட்டும் வருகிறது. இதற்கு யாருக்காவது வழி தெரிந்தால் கீழே எழுதுங்கள்.