ஃபெரிட்டின் நார்மல்தான், பிறகு இரும்புச்சத்து ஊசி எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. இதயச் செயலிழப்புக்கு மருந்து சாப்பிடுகிறார். இதயத்தின் பம்ப் திறன் 35 சதவீதம். ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் 85. இரண்டுமே நார்மல் என்கிறது லேப் ரிப்போர்ட். டாக்டரோ இரும்புச்சத்து குறைவு, ஊசி போடலாம் என்கிறார். மாத்திரை போதாதா?

பதில்: டாக்டர் சொல்வது சரியே. ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நார்மல் அளவு, ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கானது. ஃபெரிட்டின் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். ஆனால் உடலில் அழற்சி இருந்தாலே அதுவும் ஏறிவிடும். இதயச் செயலிழப்பில் அழற்சி நீடிப்பதால், இருப்பு தீர்ந்துகொண்டிருக்கும்போதும் எண் நன்றாகவே தெரியும். அதனால் இந்த நோயாளிகளுக்கு ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்கிறோம். 100 முதல் 299 வரை இருந்தால், டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எத்தனை சதவீதம் இரும்பு நிறைந்திருக்கிறது என்ற அளவு) 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தச் செறிவை அம்மாவுக்கும் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு ஃபெரிட்டினைவிட அதன்மேல் நம்பிக்கை அதிகம். ரத்தத்தில் உள்ள சீரம் இரும்பை மொத்த இரும்புப் பிணைப்புத் திறனால் (ரிப்போர்ட்டில் TIBC) வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைக்கும். இரும்பு 52, பிணைப்புத் திறன் 340 என்றால் 15 சதவீதம், அதாவது குறைவு. சீரம் இரும்பு ஒரே நாளில்கூட ஏறி இறங்கும். காலையில் வெறும் வயிற்றில், இரும்பு மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுங்கள். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

ஹீமோகுளோபின் குறையாவிட்டாலும் இது முக்கியம். இதயத் தசையின் செல்கள் ஆற்றல் தயாரிக்கவே இரும்பு தேவை. குறைந்தால் களைப்பும் மூச்சிரைப்பும் கூடும்.

மாத்திரை இங்கே பெரிதாக உதவுவதில்லை. அழற்சியால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் போன்ற மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றினால் அந்தத் தடை குறுக்கே வராது. ஒவ்வாமைக்காக, ஏற்றிய பின் அரைமணி நேரமாவது மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். இந்த மருந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் குறையலாம். பிறகு எலும்பு வலியோ தசைத் தளர்ச்சியோ வந்தால் சொல்லுங்கள். ஊசி போட்டதும் ஃபெரிட்டின் மிக உயரும். நான்கு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பது வீண். இதய மருந்துகளை இதற்காக நிறுத்தக் கூடாது.

இன்னொன்றையும் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்: இரும்பு எங்கே போகிறது? ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ சாப்பிட்டால், குடலில் மெல்ல ரத்தம் கசியலாம். இந்த வயதில் குடல் புற்றுநோயும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மலம் தார்போலக் கறுத்து, ஒட்டும் பதத்தில் கடும் நாற்றத்துடன் போனால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.