வீட்டு போர்ச்சில் காருக்குச் சாயம்: வாசகர் கேள்வி – பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து காருக்குச் சொந்தமாகச் சாயம் அடிப்பதைப் பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இங்கே சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: ஐயா, என்னிடம் பழைய கஞ்சில் கார் இருக்கிறது. சில்வர் மெட்டாலிக். கூரையிலும் பானெட்டிலும் மேல்பூச்சு தோல் உரிவதுபோல் உரிகிறது. துரு அதிகம் இல்லை. தாமான் வீட்டு போர்ச்சில் நானே அடிக்கலாமா? இதுவரை ஸ்ப்ரே கன்னைக் கையால் தொட்டதில்லை.

பதில்: வேலையின் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். பெங்கலில் (கார் பட்டறையில்) கேட்கும் பணத்தில் பெரும்பங்கு சாயத்துக்கு அல்ல, தேய்க்கிற கூலிக்குத்தான் போகிறது. அந்தத் தேய்ப்பு வேலைக்குப் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவிடுங்கள். பிறகு மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய போலிஷில் இருக்கும் சிலிக்கோன் மணல் தாளின் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் போகாது.

அடுத்து 320 எண் தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, உரியும் கிளியரை, அதாவது நிறமில்லாத மேல்பூச்சை, தேய்த்து எடுங்கள். விரல்களால் நேராக அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். உரிந்த இடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் கிளியரும் அதன் ஓரத்தில் பிடிப்பு விட்டிருக்கும். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டக் கூடாது. தட்டினால் புதுப் பூச்சுக்கு மேலும் அந்தக் கோடு தெரியும், சில மாதங்களில் அங்கிருந்தே மறுபடி உரியும்.

இரும்பு வெளியே தெரிந்தால் அன்றே எப்பாக்சி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓர் இரவு விட்டாலே இளஞ்சிவப்பாய்த் துரு பூக்கும். இதற்குக் கன் தேவையில்லை. சிறிய ஸ்பாஞ்ச் ரோலரால் மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று பூச்சு உருட்டலாம். சாயத் துளி காற்றில் பறக்காது என்பது இதில் பெரிய நன்மை. ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் அளவு டப்பாவில் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு கறுப்பு ஸ்ப்ரே டப்பாவால் மேலே லேசாகத் தூவி, 800 எண் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம் என்று தெரிந்துவிடும். அடிவரை தேய்ந்து இரும்பு எட்டிப் பார்த்தால் அங்கே மறுபடி பிரைமர் போடுங்கள்.

உங்கள் வேலை அதோடு நிற்கட்டும். மெட்டாலிக்கில் பேஸும் (நிறம் தரும் பூச்சு) கிளியரும் பிரிக்க முடியாத ஜோடி. பேஸ் அடித்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கிளியர் ஏறியாக வேண்டும். அந்தக் கிளியரை ஏன் போர்ச்சில் அடிக்கக் கூடாது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. தேய்த்து முடித்த காரை பெங்கலுக்குக் கொண்டுபோய், பேஸுக்கும் கிளியருக்கும் மட்டும் விலை பேசுங்கள். அதற்குமுன், எஞ்சின் அறையில் உள்ள தகட்டில் நிறக் குறியீடு (கலர் கோட்) இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய கார் வெயிலில் வெளுத்திருக்கும் என்பதால், குறியீட்டுப்படி கலந்த சாயமும் அப்படியே ஒத்துப்போகாது. பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கடையில் காட்டினால் ஒப்பிட்டுக் கலப்பார்கள். கூரைக்கும் பானெட்டுக்கும் அரை லிட்டர் பேஸும், ஹார்ட்னர் கலக்குமுன் அரை லிட்டர் கிளியரும் போதும். முழு கஞ்சிலுக்கு இரண்டிலும் சுமார் ஒன்றரை லிட்டர் வேண்டும்.

கேள்வி: 2K கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் கிளியர்) அடிக்கும்போது மருத்துவமனை முகக்கவசம் போட்டுக்கொண்டால் போதாதா? வீட்டில் மகனுக்கு இழுப்பு இருக்கிறது.

பதில்: போதாது அம்மா. உங்கள் வீட்டில் 2K-யை ஸ்ப்ரே செய்யவே வேண்டாம்.

2K-யின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. கிளியரை இறுக வைப்பது அதுதான். நுண்துளியாக மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் இழுப்பு வரலாம். வாசனையை நம்பவும் முடியாது, ஏனென்றால் மூக்கு உணரும் அளவுக்கு முன்பே தீங்கு தொடங்கிவிடும். காகித முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி தின்னர் ஆவிக்கு உதவும். ஆனால் அந்த வடிகட்டி தீர்ந்துபோனதை ஐசோசயனேட் விஷயத்தில் மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடிதான் இதற்கு உரியது. பெங்கலிலும் சிலர் அது இல்லாமல் அடிக்கிறார்கள் என்பது, நீங்களும் அப்படி அடிக்கக் காரணமாகாது.

அடியில் பொத்தானை அழுத்தி ஹார்ட்னரை உடைத்துவிடும் 2K ஸ்ப்ரே டப்பாக்களுக்கும் இதே விதிதான். சிறிய டப்பாதானே என்று ஏமாறாதீர்கள். எப்பாக்சி பிரைமரின் ஹார்ட்னரில் பொதுவாக ஐசோசயனேட் இருக்காது. ஆனாலும் வாங்கும்போது டப்பாவில் உள்ள எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள். அதைக் கலக்கும்போது நைட்ரில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மகன் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வேன் ஒன்றுக்கு ஹார்ட்னர் இல்லாத என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கறுப்புச் சாயம் அடித்தேன். மழை விட்ட பிறகு, மாலை ஐந்து மணிக்கு. அரை மணி நேரத்தில் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளையாகிவிட்டது. சில இடங்களில் மீன் கண்போல் வட்ட வட்டமாகக் குழி. மலிவுச் சாயம் வாங்கியதால்தானா?

பதில்: சாயத்தின் மேல் பழி போடாதீர்கள். இவை இரண்டு வேறு கோளாறுகள்.

வெள்ளைப் பூப்புக்குக் காரணம் ஈரம். தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மழை விட்ட மாலையில் காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கும். குளிர்ந்த தகட்டின் மேல் பனித்துளிபோல் நீர் படிந்து ஈரச் சாயத்துக்குள் மாட்டிக்கொள்ளும். தின்னர் எவ்வளவு வேகமாகக் காய்கிறதோ அவ்வளவுக்குப் பூப்பும் கூடும். அதனால் கடையில் மெதுவாகக் காயும் தின்னர் என்று கேட்டு வாங்குங்கள். காலை பத்து மணிக்கு மேல் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, பிற்பகல் மேகம் திரள்வதற்குள் முடித்துவிடுங்கள். மாலையில் அடித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: விளக்கைப் போட்டதும் ஈசல் வந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வெளுத்திருப்பதை உடனே தேய்க்க வேண்டாம். நல்ல வெயில் வந்த நாளில், மெதுவாகக் காயும் தின்னரில் சாயத்தைக் கொஞ்சமாகக் கலந்து, மேலே ஒரு மெல்லிய ஈரப் பூச்சு கொடுங்கள். என்.சி. சாயம் தின்னரில் மறுபடி இளகும் வகை. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறிக் கறுப்பு திரும்பிவிடும். அப்போதும் திரும்பாவிட்டால் மட்டும் தேய்த்து அடியுங்கள்.

மீன் கண் குழிக்குக் காரணம் எண்ணெய் அல்லது சிலிக்கோன். அது தகட்டில் இருந்திருக்கலாம், கம்ப்ரஸர் காற்றோடும் வந்திருக்கலாம். சுத்தமான கண்ணாடித் துண்டின் மேல் வெறும் காற்றை ஒரு நிமிடம் ஊதிப் பாருங்கள். கண்ணாடியில் பிசுக்கோ நீரோ படிந்தால் குற்றவாளி கம்ப்ரஸர்தான். குழிகளின் மேல் திரும்பத் திரும்பச் சாயம் ஊற்றினால் நிறையாது, வழியத்தான் செய்யும். காயவிட்டு, தேய்த்து, எண்ணெய் நீக்கி, மறுபடி அடிக்க வேண்டும்.

கேள்வி: 1 குதிரைசக்தி, 24 லிட்டர் கம்ப்ரஸர் போதுமா?

பதில்: பக்கக் கண்ணாடியின் மூடி, கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்குப் போதும். பானெட்டில் பாதி தூரம் போவதற்குள் அழுத்தம் இறங்கி, சாயம் பொடியாகாமல் கொப்பளித்து விழும். குறைந்தது 2 முதல் 3 குதிரைசக்தியும் 50 லிட்டருக்கு மேல் தொட்டியும் வேண்டும். தொட்டியின் அடித் திருகைத் திறந்து தினமும் தண்ணீரை வடியுங்கள். நீர் பிரிப்பானைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டினால் பயன் குறைவு, ஏனென்றால் அங்கே காற்று சூடாக இருக்கும், நீர் ஆவியாகவே கடந்துவிடும். பத்து மீட்டர் குழாய்க்கு அப்பால் மாட்டுங்கள்.

கன் வாய் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். விசையை அழுத்தியபடி இருக்கும்போது கன்னில் சுமார் 2 பார் அழுத்தம் காட்ட வேண்டும். தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டாமல் கை முழுவதையும் நகர்த்துங்கள். ஒவ்வொரு கோடும் முந்தியதில் பாதியை மூடட்டும். பூச்சுக்குப் பூச்சு பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். அவசரப்பட்டால் உள்ளே மாட்டிய தின்னர் பிறகு ஊசித் துளைகளாக வெடிக்கும். குழாயைத் தோளின் மேல் போட்டுக்கொண்டால் ஈரச் சாயத்தில் உரசாது. என்.சி.க்கும் கரி வடிகட்டி முகமூடி கட்டாயம். தின்னர் ஆவி தரையோடு தவழ்ந்து போகும், ஆகவே சாமி விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் அருகில் எரியக் கூடாது. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் காரையும் துணிக்கொடியையும் நகர்த்தச் சொல்லுங்கள்.

கேள்வி: புட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்த இடம் சில வாரங்களில் கொப்பளிக்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் தண்ணீர் விட்டுத் தேய்த்திருப்பீர்கள். புட்டி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புட்டியை உலர்வாகவே, 80-இல் தொடங்கி 180, 320 என்று தேய்க்க வேண்டும். ஹார்ட்னர் நூற்றுக்கு 2 பங்கு. சீக்கிரம் இறுக வேண்டுமென்று கூடுதலாகச் சேர்த்தால் மேல் சாயத்தில் கறை ஊறி வரும்.

கேள்வி: சில்வரைக் கறுப்பாக மாற்றலாமா?

பதில்: அடிப்பதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) முகப்பிடத்தில் கேளுங்கள். வண்டியின் நிறம் பதிவில் இருக்கிறது, மாற்றினால் பதிவையும் மாற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். தொழில் நோக்கில் சொன்னால், முதல் முறைக்காரர்களுக்குக் கறுப்பு வேண்டாம். தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் அது காட்டிக்கொடுக்கும். கதவு விளிம்பு, எஞ்சின் அறை எல்லாவற்றிலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: பெங்கலில் கிளியர் அடித்து வந்த காரை எப்போது போலிஷ் போடலாம்?

பதில்: பெங்கலில் சூடேற்றாமல் காற்றில் காய்ந்திருந்தால் இரண்டு நாள் விடுங்கள். பிறகு தூசிப் புள்ளிகளை 2000 எண் தாளால் சோப்புத் தண்ணீர் விட்டு மெல்லத் தேய்த்து, காம்பவுண்டால் பளபளப்பை மீட்கலாம். விளிம்புகளில் கிளியர் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள். மெழுகு மட்டும் ஒரு மாதம் கழித்து. அதுவரை பறவை எச்சம் விழுந்தால் உச்சி வெயிலுக்கு முன் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள், காய்ந்த துணியால் சுரண்ட வேண்டாம்.