நீங்கள் பார்த்தீர்களா, டீச்சர்?

கேள்வி: நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வரலாறு என்றாலே எனக்குத் தயக்கம்தான். பிள்ளைகள் ஆண்டுகளை ஒப்பிக்கிறார்கள், மறுவாரம் கேட்டால் முழிக்கிறார்கள். போன வாரம் ஒரு பையன், "ராஜா காலத்தில் டைனோசர் இருந்ததா? நீங்கள் பார்த்தீர்களா டீச்சர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. இந்த வயதில் வரலாறு தேவைதானா?

பதில்: அந்தப் பையன் ஒரே மூச்சில் இரண்டு நல்ல கேள்விகள் கேட்டிருக்கிறான். எது முந்தி, எது பிந்தி? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? வரலாற்று ஆய்வாளர்கள் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டுவதும் இவற்றோடுதான். குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளைக் காட்டி, பதின்பருவம் வரை வரலாற்றுச் சிந்தனை வராது என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் கேள்விக்கு ஒரு கயிறு போதும். ஒரு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஆயுள் ஒரு விரல் நீளம். உங்கள் வயது ஒரு முழம் வரலாம் (சொல்ல மனமிருந்தால்). 1969இல் மனிதன் நிலவில் இறங்கியது அரை மீட்டரைத் தாண்டியதும் வந்துவிடும். எகிப்தின் பெரிய பிரமிடுக்குச் சுமார் 4,500 வயது, அதாவது 45 மீட்டர். வகுப்பறை தாங்காது, மைதானத்துக்குப் போங்கள். நமக்குத் தெரிந்த ராஜாக்களெல்லாம் ஏறக்குறைய அந்த மைதானத்துக்குள் அடங்கிவிடுவார்கள். டைனோசர்? அவை அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டுகள். கயிறு 660 கிலோமீட்டர் நீள வேண்டும். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். கி.மு. 500க்குப் பிறகுதான் கி.மு. 300 என்பதில் பெரியவர்களே தடுக்கி விழுகிறார்கள். கயிற்றின் மேல் நடந்து பார்த்தால் அதுவும் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது கேள்விக்கு நான் எடுப்பது ஓட்சியின் கதை. 1991இல் ஆல்ப்ஸ் மலையில் நடந்துபோன இருவர், பனியில் ஓர் உடலைக் கண்டார்கள். ஓட்சி என்று பின்னால் பெயர் வைத்தது அந்த உடலுக்குத்தான். அண்மையில் இறந்த மலையேறி என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்தால் சுமார் 5,300 வருஷப் பழசு! பக்கத்தில் செம்புக் கோடரி, காலில் புல் திணித்த காலணி. இதோடு நிறுத்திவிட்டு, "இவர் யாராக இருக்கும்? எப்படி இறந்திருப்பார்?" என்று கேளுங்கள். குளிரில் உறைந்தார், பள்ளத்தில் விழுந்தார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். யார் எதைச் சொன்னாலும் "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று மடக்குங்கள். அப்புறம் மெதுவாகச் சொல்லுங்கள்: 2001இல் எக்ஸ்ரே படத்தில், இடது தோளுக்குள் ஓர் அம்புமுனை தெரிந்தது. பத்து வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. "அப்படியானால் முன்பு சொன்னவர்கள் பொய் சொன்னார்களா?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம், பதில் சொல்லிப் பழகிய வாய் நமக்கு.

ராஜா கதைகளையும் தாராளமாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் வருவதே அதற்குத்தான். ஆனால் ராஜா மந்திரியிடம் பேசிய வசனம் யாரோ கற்பனையாகச் சேர்த்தது என்றால், அதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, தேர்வுக்கு ஆண்டுகள் வேண்டுமே என்பீர்கள். கயிற்றில் பிள்ளைகள் தங்கள் கையால் முடிச்சுப் போட்ட ஐந்தாறு ஆண்டுகள் நிற்கும். மற்றவை மறுவாரம் மறந்தால் மறக்கட்டும்.