கரண்ட் வைத்தால் முட்டி வலி போகுமா?

கேள்வி: வயது 58. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வீடு. எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். பத்து நாள் பிசியோதெரபியில் முட்டிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டேன். அதுவரை சுகமாக இருந்தது. நிறுத்திய இரண்டாவது வாரமே பழையபடி வலி. இன்னும் பத்து நாள் வைக்கலாமா? மாடியே ஏறாதே என்கிறான் மகன்.
— வாசகி, மேற்கு மாம்பலம்

வேண்டாம் அம்மா. அந்தக் காசுக்கு மகனை ஒரு டர்க்கி டவல் வாங்கிவரச் சொல்லுங்கள்.

கரண்ட் வைத்தால் வலி கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அவ்வளவுதான். நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் ஆறு கட்டில், ஆறு மெஷின். ஆளுக்கு இருபது நிமிடம். பேப்பர் படித்துக்கொண்டே படுத்திருப்பார்கள், எழுந்து போகும்போது நன்றி சொல்வார்கள். அடுத்த மாதம் அதே முகங்கள் திரும்ப வரும். நானும்தான் வைத்தேன், மறைப்பானேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படாதீர்கள். படத்தில் மோசமாகத் தேய்ந்த முட்டியோடு சிரமமில்லாமல் நடப்பவர்கள் உண்டு. லேசான தேய்மானத்துக்கே துடிப்பவர்களும் உண்டு. முட்டி வாங்கும் பாரத்தைப் பங்குபோட வேண்டியது முன்தொடைத் தசை. வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் முதலில் வற்றுவது அதுதான். உங்கள் மகனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதை நசுக்குகிற மாதிரி முட்டியைக் கீழே அழுத்துங்கள். முட்டிக்கு மேலே ஒரு கையை வைத்துப் பாருங்கள். சப்பாத்தி மாவு மாதிரி இருந்த தசை மரக்கட்டை மாதிரி இறுக வேண்டும். பாதிப் பேர் இடுப்பைத் தூக்குவார்கள், மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டும் தப்பு. ஒன்று முதல் ஐந்து வரை வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது. பத்துத் தடவை, காலையும் மாலையும். ஒரு வாரம் கழித்து, படுத்துக்கொண்டு ஒரு காலை மடக்கி, வலிக்கிற காலை நீட்டியபடியே ஒரு சாண் உயரம் தூக்குங்கள். அப்புறம் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வித்தியாசம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும்.

மாடி ஏறலாம். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். காய்கறிக்கு மட்டும் பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்குங்கள். எடை கூடுதல் என்றால் ஒரு கிலோ குறைத்தாலும் லாபம்; ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறத்தாழ நாலு கிலோ பாரம் குறைகிறது. முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் உடற்பயிற்சி எதுவும் வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 49, எட்டு வருடமாகச் சர்க்கரை. நாலு மாதமாக வலது கையைத் தூக்க முடியவில்லை. பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியவில்லை. சுளுக்கு என்று இரண்டு தடவை எண்ணெய் போட்டு இழுத்துவிட்டார்கள். வலி கூடிவிட்டது.
— வாசகர், பெரம்பூர்

பர்ஸ் விஷயத்தைச் சொன்னீர்களே, அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒன்று பாருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு வீட்டில் யாரையாவது மெதுவாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். அவர்கள் திருப்பியும் போகவில்லை என்றால் அது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். அவர்கள் திருப்பினால் சுலபமாகப் போகிறது, நீங்களாக மட்டும் முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். அதற்கு எலும்பு டாக்டர் பார்க்க வேண்டும்.

இழுத்துவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது இழுத்தால் இன்னும் கோபித்துக்கொள்ளும். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது இடது கையை ஆட்டோவில் ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். வீட்டில் சுவரில் விரல்களால் ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏறினாலே போதும். இது முழுதாகச் சரியாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையையும் எடுத்துவிடுங்கள். டாக்டர் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி தணியும், ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும். அதைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

கேள்வி: கணுக்கால் பிசகினால் ஐஸா, வெந்நீரா?
— கல்லூரி மாணவி, வேளச்சேரி

முதல் இரண்டு நாள் ஐஸ். துணியில் சுற்றி, கால் மணி நேரம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். தைலம் போட்டுத் தேய்க்க வேண்டாம். நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் ஐஸை வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். ஸ்கூட்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.