டேக் ஃபைவுக்கு எப்படித் தாளம் போடுவது?

வணக்கம். மிருதங்கம் கற்கிறேன். ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ (1959) ஆல்பத்தில் ‘டேக் ஃபைவ்’ ஐந்தெண்ணிக்கை என்று படித்துவிட்டு, நம் ஐந்தெண்ணிக்கைத் தாளமான கண்டசாபு போட்டபடி கேட்டேன். சமம் (சுற்றின் முதல் எண்ணிக்கை) சரியாக வருகிறது, நடுவில் இடறுகிறது. ஏன்? இன்னொன்று, இது பியானோக்காரரின் ஆல்பம் என்கிறார்கள். அந்தப் பாட்டில் பியானோ ஒரே துண்டைத்தானே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது?
– கே.

அன்புள்ள கே.,

கண்டசாபு 2+3, தக தகிட. ‘டேக் ஃபைவ்’ 3+2, தகிட தக. பியானோவில் முதல் மூன்று எண்ணிக்கைக்கு ஈ பிளாட் மைனர் என்ற ஸ்வரக்கூட்டு (கார்ட்), நாலாவதில் பி பிளாட் மைனருக்கு மாறுகிறது. கை விழ வேண்டிய இடம் அந்த நாலு. நீங்கள் மூன்றிலேயே தட்டிவிடுகிறீர்கள். கண்டசாபுவை விட மனமில்லையென்றால் அவர்களுடைய நாலில் தொடங்குங்கள். அவர்கள் சமம் உங்கள் ‘தகிட’வின் தலையில் விழும். இரண்டு எண்ணிக்கை தள்ளிய எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்), அவ்வளவுதான்.

அப்படியும் ஒட்டவில்லையா? ஒவ்வோர் எண்ணிக்கையையும் சரிபாதியாக வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம். ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் முதல் பாதி நீளம், அடுத்தது குட்டை. எண்ணிக்கைக்கு ஒரு ‘தகிட’ வைத்து, நடு ‘கி’யை விழுங்கிச் சொல்லிப் பாருங்கள்.

அதே ஆல்பத்தின் ‘புளூ ரோண்டோ அ லா டர்க்’ உங்களுக்கு இன்னும் பிடிக்கும். 1958 பயணத்தில் இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் புரூபெக் கேட்ட ஒன்பதெண்ணிக்கைத் தாளம் அது. (மொசார்ட்டின் துருக்கி ரோண்டோவைத் தழுவியது என்று பலர் சொல்வது தவறு.) தக தக தக தகிட என்று மூன்று முறை, நாலாவது முறை தகிட தகிட தகிட. நம் ஒன்பதெண்ணிக்கையான சங்கீர்ணத்தைத் தகதிமி தகதகிட என்று போட்டால் முதல் மூன்றும் கச்சிதமாக உட்காரும், நாலாவது காலை வாரிவிடும். பிறகு இரண்டிரண்டு பாராக (பார் என்றால் ஒரு சுற்று) ஒன்பதும் நாலும் மாறி மாறி வந்து, கடைசியில் சாதாரண நாலெண்ணிக்கை புளூஸில் இறங்குகிறது. அங்கே ஒன்பதை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

அதே ஆல்பத்தின் ‘த்ரீ டு கெட் ரெடி’ மூன்றெண்ணிக்கை வால்ட்ஸாகத் தொடங்கி 3+3+4+4 ஆகிறது. மொத்தம் 14 என்பதால் ஏழெண்ணிக்கை (3+4) மிஸ்ரசாபு இரண்டு ஆவர்த்தம் (சுற்று) போடத் தோன்றும். ஒரே இடத்தில்தான் உதைக்கும்: பாட்டு ஆறு முடிந்து திரும்புகிறது, நீங்கள் ஏழில் திரும்புவீர்கள். பத்திலும் பதினாலிலும் மறுபடி சேர்ந்துவிடலாம்.

இனி பியானோ. ‘டேக் ஃபைவ்’ புரூபெக் எழுதியதே அல்ல, சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் எழுதியது. 1959 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் திரும்பத் திரும்ப முயன்றும் அமையவில்லை, ஜூலை 1 அன்றுதான் அமைந்தது. அந்தத் தாளம் அப்போது அவர்கள் கைக்கே புதிது. ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனியை மட்டும் தனியாகக் கேளுங்கள். வெறும் இடைவெளி விடுகிறார், ஆவர்த்தத்தைத் தாண்டிச் சொற்கட்டை இழுக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு அடியில் புரூபெக்கின் அதே துண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தனியாவர்த்தனத்தில் தாளம் போடுபவர் வேலை அது. அவர் அசைந்தால் எல்லாம் போச்சு.

புரூபெக்கின் விரல்களைக் கேட்க வேண்டுமென்றால் ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு, ‘ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க்’. தொடக்கம் முழுக்கத் தனிப் பியானோ. தாளக்கட்டே கிடையாது, கையை மடக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள்.