கப்பல் சொல்வதைப் படிக்கும் கோட்: திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தாம் யார், எங்கே நிற்கிறோம் என்பதை ஏஐஎஸ் முறையில் ரேடியோவில் சொல்லிக்கொண்டே வருகின்றன. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற, யூஎஸ்பியில் செருகும் சின்ன டிவி டொங்கிளில் அதை வாங்கிப் படிக்க ஒரு திறமூல மென்பொருள் எழுதிவருகிறேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

உவர்மலை, உயர்தர மாணவி: அண்ணா, டிவி பார்க்கச் செய்த டொங்கிள் எப்படி ரேடியோ ஆனது?

உள்ளே இருக்கும் ஆர்டிஎல்2832யூ சிப்புக்கு இன்னொரு வேலையும் தெரியும், தங்கச்சி. டியூனர் பிடித்ததை டிவி படமாக்காமல் வெறும் எண்களாகவே யூஎஸ்பி வழியே அனுப்பிவிடும். இது 2012இல் வெளியே தெரியவந்தது. ஒஸ்மோகொம் என்ற திறமூலக் குழுவினர் அதற்கான நிரலை எழுதிப் பொதுவில் வைத்தார்கள். மிச்சம் எல்லாம் நாம் எழுதும் கோட்தான்.

கிண்ணியா, மாணவர்: டொங்கிள் இன்னும் வாங்கவில்லை. அதற்குள் எழுதத் தொடங்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் அதுதான் நல்ல வழி. டொங்கிள் கையில் இருந்தால் அன்டனாவையும் கோட்டையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்போம். முதலில் யாராவது பதிவு செய்த கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். என் கோப்பு 162 மெகாஹேர்ட்ஸை நடுவில் வைத்து, நொடிக்கு 2,88,000 சாம்பிள் (அலையின் அளவீடு) வேகத்தில் எடுத்தது. ஏஐஎஸ் பேசும் இரண்டு சானலும் 161.975, 162.025 என்று நடுவுக்கு இரு பக்கமும் சரியாக விழும். ஏஐஎஸ் வேகம் நொடிக்கு 9,600 பிட். ஆக ஒரு பிட்டுக்கு 30 சாம்பிள், கணக்குக்கும் வசதி.

கோப்பைத் திறந்தால் 0 முதல் 255 வரை பைட்டுகள் வரிசையாக இருக்கும்: ஒன்று ஐ, அடுத்தது கியூ, மறுபடி ஐ. ஐ, கியூ என்பவை அலையின் இரண்டு கூறுகள்; இரண்டும் சேர்ந்தது ஒரு சாம்பிள். ஒவ்வொன்றிலும் 127.5ஐக் கழியுங்கள். கப்பல் பேசாத நேரத்தில் எண்கள் சுழியத்தை ஒட்டியே ஆடும். பேசும்போது ஏறக்குறைய 27 மில்லி நொடிக்கு ஒரே வீச்சாகப் புடைத்து எழும். அதை முதன்முதலாக வரைபடத்தில் பார்த்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. ஒரு நிமிடப் பதிவு 35 மெகாபைட் அளவுதான். பைதனும், அதில் எண் கணக்குக்கான நம்பை நூலகமும் போதும்.

நிலாவெளி: அண்ணா, சிஆர்சி (செய்தி பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை எண்) சரியாக வருகிறது, ஆனால் கப்பல் எண் கண்டபடி வருகிறதே?

இதே இடத்தில் நான் மூன்று இரவு கிடந்தேன், தம்பி. ஏஐஎஸ் ஒவ்வொரு பைட்டையும் கடைசி பிட்டிலிருந்து அனுப்புகிறது. சிஆர்சியை வந்த வரிசையிலேயே பார்ப்பதால் அது சரி என்றுதான் சொல்லும். செய்தியைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு பைட்டையும் திருப்பிப்போட வேண்டும். அடையாளம் ஒன்று சொல்கிறேன்: முதல் ஆறு பிட் செய்தியின் வகையைச் சொல்லும். கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்லும் வகை 1 செய்தியின் முதல் பைட் 00000100. திருப்ப மறந்தால் 00100000 ஆகி, வகை 8 என்று காட்டும். உங்களுக்கு எல்லாக் கப்பலும் வகை 8 ஆக வந்தால் காரணம் இதுதான்.

சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. நெட்டாங்கு, அகலாங்கு எண்களை 6,00,000ஆல் வகுங்கள். 81.2, 8.5 என்று வந்தால் கப்பல் நம் கடலில் நிற்கிறது. இலங்கையில் பதிந்த கப்பலின் எண் 417 என்று தொடங்கும்.

மூதூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, துறைமுகத்துக்கு நேரெதிரே இருந்தும் ஒன்றும் வருவதில்லை.

ஐயா, மலிவு டொங்கிளில் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிசகினால் 162 மெகாஹேர்ட்ஸில் 8 கிலோஹேர்ட்ஸ் தள்ளி நிற்கும். முதலில் அதைத் திருத்துங்கள். அப்புறம் அன்டனா: கால் அலைநீளம் 46 சென்டிமீட்டர். செம்புக் கம்பி போதும், ஆனால் மூட்டுகளை நன்றாக மூடிவிடுங்கள்; நம் உப்புக் காற்று ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பிடிக்க வைத்துவிடும். லினக்ஸ் என்றால், டிவி டிரைவர் டொங்கிளை முதலில் பிடித்துக்கொள்ளும். அதை முடக்கிவிட்டு முயலுங்கள்.

சீனன்குடா: உரிமம் எது போடுவது?

ஜிபிஎல், அதாவது மாற்றி வெளியிடுபவரும் கோட்டைத் திறந்தே தர வேண்டும் என்ற உரிமம். நாம் பயன்படுத்தும் டொங்கிள் நூலகமே ஜிபிஎல்தான். அவர்கள் திறந்து வைத்ததால்தானே நாம் படித்தோம்.

உப்புவெளி: எனக்கு கோட் எழுத வராது அண்ணா, நான் எப்படி உதவலாம்?

பதிவு எடுத்துத் தாருங்கள். எனக்கு உண்மையில் தட்டுப்பாடு அதற்குத்தான். மழை நேரத்தில் எடுத்தது, இரண்டு கப்பல் ஒரே நேரத்தில் பேசி மோதியது, என் கோட் படிக்காமல் தோற்றது, இவையெல்லாம் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்தக் கோப்புகளை ஓட்டி, முன்பு படித்த செய்தி ஒன்றுகூடக் குறையவில்லையா என்று பார்க்கிறேன். கோப்பின் பெயரில் அலைவரிசை, சாம்பிள் வேகம், திகதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். பெயரில்லாமல் வந்த ஒரு நல்ல பதிவு இன்னும் என் டிஸ்க்கில் கிடக்கிறது, எந்த வேகத்தில் எடுத்தது என்று தெரியாமல்.